பிரபா பார்த்த பேய்ப்படம்

இளம் சினிமா விமர்சகர்களான உங்கள் கூட்டத்துக்கு நேரில் வந்து பேசத்தான் ஆசை. முழங்கால் சம்மதிக்கவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். யாராவது ஒருவர் வாசித்துவிடுங்கள்.

ஒரே வெள்ளிக்கிழமையில் மூன்று படங்கள் வந்தால் எதை முதலில் பார்ப்பது, ஸ்டார் போடுவது எப்படி, தயாரிப்பாளர் போனில் சத்தம் போட்டால் என்ன பதில் சொல்வது என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். இவை ஆறு மாதத்தில் தாமாகவே பழகிவிடும். வாசகர்கள் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான். பார்க்கலாமா, வேண்டாமா? ஹைதராபாதில் ஒரு ஆங்கில நாளிதழில் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் வாராவாரம் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் முகம் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை, ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

பிரபா எங்கள் பத்திரிகையின் பக்க வடிவமைப்பாளர். சனிக்கிழமை வரும் சினிமா பக்கத்தை அவள்தான் போடுவாள். செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்கு வந்து தங்கியவர். வீட்டில் பேசும் தமிழில் பாதி தெலுங்கும் உருதுவும் கலந்திருக்கும். என் கட்டுரை இரண்டு வரி கூடிப்போனால், "அக்கா, கைக்கு இவ்ளோ எழுதறீங்க?" என்பாள். எதற்கு என்பதை அவர்கள் வீட்டில் கைக்கு என்பார்கள். எந்த இரண்டு வரி என்று அவளே காட்டுவாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாக இருக்கும்.

அவளும் கணவரும் குகட்பள்ளியில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் இருந்தார்கள். பக்கத்து பிளாக் அப்போது கட்டுமானத்தில் இருந்தது. தரைக்கடியில் தண்ணீர் சேர்க்கும் தொட்டியை இங்கே எல்லோரும் சம்ப் என்பார்கள். அந்த பிளாக்கின் சம்புக்கு மூடி போடாமல் ஒரு பிளைவுட் பலகையை வைத்து மறைத்திருந்தார்கள். ஒரு மாலை, ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளில் பிரபாவின் மகள் மட்டும் திரும்பவில்லை. ஆறு வயது. பெயர் மித்ரா. பிரபா ஒவ்வொரு மாடியாக ஏறிக் கதவு கதவாகக் கேட்டிருக்கிறாள். பாக்கலையே, பாக்கலையே என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழந்தை சம்பில் கிடைத்த பிறகும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு வீட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்களாம். பின்னாளில் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அந்த காலனி முழுக்க தெரிஞ்சப்புறம்தான் அக்கா எனக்குச் சொன்னாங்க."

அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, குஷாய்குடாவில் அவள் அம்மா வீட்டருகே குடியேறினார்கள். கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பினாள். அலுவலகத்தில் யாரும் குழந்தையின் பெயரை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. மூன்று வருடம் அப்படியே போனது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. புதியவர்கள் எடுத்த தெலுங்குப் படம். பெயர் வேண்டாம். ஒரு அபார்ட்மென்ட், ஒரு ஹாலோவீன் இரவு, நான்கு கதைகள். இப்போது இங்கே பெரிய அபார்ட்மென்ட்களில் குழந்தைகள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் சாக்லேட் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாசலில் திருஷ்டிப் பூசணி தொங்கும், அடுத்த வாசலில் கண்ணும் வாயும் வெட்டிய ஆரஞ்சுப் பூசணிக்குள் பல்பு எரியும். படம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் கதையில் தனியாக வாழும் ஒரு பெரியவர். வாசலில் சாக்லேட் கேட்கும் குரல்களுக்கு நடுவே இறந்துபோன மனைவியின் குரலையும் கேட்கிறார். இரண்டாவது, புதிதாகக் கல்யாணமான ஜோடி; தங்கள் வீட்டுக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பதாக மனைவிக்குச் சந்தேகம். மூன்றாவது, வாட்ச்மேன்; முகமூடிக் குழந்தைகளில் ஒருத்தி யார் வீட்டுப் பிள்ளை என்று அவனுக்குப் புரியவில்லை. இந்த மூன்று கதைகளிலும் ஈரத் தலையோடு ஒரு சிறுமி வாசலில் வந்து நிற்கிறாள். பார்த்தவர்கள் அலறிக் கதவைச் சாத்துகிறார்கள். மூன்றிலும் இடையில் ஒரு பெண் கதவைத் தட்டி, பாப்பாவைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு அவரவர் பயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாமும் அவளை மறந்துவிடுகிறோம். நான்காவது கதை அந்தப் பெண்ணுடையது. மகள் அன்று மாலையே சம்பில் விழுந்துவிட்டாள். பேயாக வந்து நின்ற சிறுமி அவள்தான். யாராவது கூட வந்து தொட்டியைப் பார்க்க மாட்டார்களா என்றுதான் கதவு கதவாகப் போயிருக்கிறாள். கடைசியில் வாட்ச்மேன் அந்தச் சிறுமியின் பின்னால் நடக்கிறான்.

வியாழக்கிழமை காலை விமர்சகர்களுக்கான காட்சியில் பார்த்தேன். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாவது கதை வீண். திடீர் சத்தம் வைத்து நாற்காலியிலிருந்து எழுப்புவதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. முதல் கதை பாதி நன்றாக இருந்தது. ஆனால் கதைகளைப் பின்னிய விதம் மிக நன்றாக இருந்தது. பல கதைகளைச் சேர்த்துக் கட்டும் படங்களில் அந்த முடிச்சு பெரும்பாலும் ஒரு சாமர்த்தியமாக நின்றுவிடும். இதில் அந்த முடிச்சுதான் படத்தின் பொருளே. அவரவர் கதையில் மூழ்கியிருந்தவர்கள் அடுத்தவளின் கதையில் கதவைச் சாத்தியவர்களாக இருக்கிறார்கள். நான்காவது கதைதான் படத்திலேயே சிறந்தது.

அலுவலகத்துக்கு வந்தபோது படத்தின் புகைப்படங்கள் மெயிலில் காத்திருந்தன. எல்லாவற்றிலும் அந்தச் சிறுமி. பிரபா அன்று கொஞ்சம் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தாள். எங்கள் சினிமாப் பகுதி ஆசிரியரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைவிட இளையவர், நல்ல மனிதர். முகம் வெளுத்துவிட்டது.

"பேஜை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம். அவங்களுக்கு ரெண்டு நாள் லீவு கொடுத்துடறேன். எதுவும் சொல்ல வேண்டாம் மேடம்."

"லீவு எதுக்குன்னு கேப்பாளே."

"ஏதாவது சொல்லிக்கலாம். தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது. நானும் ஒரு கணம் தலையாட்டப் பார்த்தேன். ஆனால் அலுவலகத்தில் இன்னும் சிலர் மெயிலைத் திறந்துவிட்டார்கள் என்பது அவர்கள் பேச்சை நிறுத்திய விதத்தில் தெரிந்தது. மறுபடியும் எல்லோருக்கும் தெரிந்த பிறகு அவளுக்குத் தெரியவரும். அதை மட்டும் செய்யக்கூடாது என்று தோன்றியது. "நான் சொல்லிடறேன். அப்புறம் அவ என்ன சொல்றாளோ அப்படிச் செய்யலாம்" என்றேன்.

அதற்கு முன் இயக்குநருக்கு போன் செய்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும் பையன். தெலுங்கில் பேசினோம்.

"நாலாவது கதை எங்கேயிருந்து வந்துச்சு?"

"கற்பனைதான் மேடம்." நான் கேட்காமலேயே தொடர்ந்தார். "பேரு, இடம் எதுவும் நாங்க யார்கிட்டயிருந்தும் எடுக்கல."

நான் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. இருந்தாலும் அதற்கு மேல் துருவ நேரம் இல்லை. பிரபா வந்துவிட்டாள்.

அவளை என் காருக்குக் கூட்டிப்போனேன். அலுவலகத்தின் பார்க்கிங்கில், வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. உள்ளே உட்கார்ந்ததும் முன்னுரை எதுவும் வைக்காமல் சொன்னேன்.

"பிரபா, காலைல பாத்த படத்துல ஒரு கதை, சம்ப்ல விழுந்துபோன குழந்தையப் பத்தினது."

அவள் முன்கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க நடக்கறதா?"

"இங்கதான். ஊர் பேர் சொல்லல. பாத்தா குகட்பள்ளி மாதிரிதான் இருக்கு."

"பேயா வருதா?"

"வருது."

"யாரையாவது கொல்லுதா அக்கா?"

"இல்ல. கதவு கதவா போய் நிக்குது. பாக்கறவங்க பயந்து சாத்திடறாங்க."

"அவங்கம்மா?"

"வராங்க. அவங்களும் கதவைத் தட்டறாங்க."

என் பக்கம் திரும்பினாள். "நான் பாக்கலாமா?"

இத்தனை வருடம் எழுதிய பதில்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் உதவவில்லை. பார் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பார்க்காதே என்று சொல்லவும் என்ன உரிமை?

"எனக்குத் தெரியல பிரபா. படத்துல என்னென்ன இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்றேன். கேட்டுட்டு நீ முடிவு பண்ணு."

சொன்னேன். உருக்கமான, உறையவைக்கும் என்பது போன்ற நம் தொழிலின் சொற்கள் எதையும் போடவில்லை. முதலில் இது வருகிறது, பிறகு இது வருகிறது, இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். எங்கே சத்தம் வரும், எவ்வளவு நேரம் சிறுமியின் முகம் திரையில் இருக்கும் என்பதுவரை சொன்னேன். தொட்டியைக் காட்டும் இடத்தில் உடலைக் காட்டுவதில்லை. டார்ச் வெளிச்சமும் தண்ணீரில் மிதக்கும் ஒரு செருப்பும் மட்டும்தான் என்றேன்.

"செருப்பு என்ன கலர்?"

"மஞ்சள்."

"மித்ராவோடது நீலம்" என்றாள். அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டது, மூன்று வருடத்தில் அதுதான் முதல் முறை. உடனே அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நாளைக்கு முதல் ஷோ போலாம் அக்கா. நீங்க கூட வாங்க. வீட்ல சொல்ல வேணாம், அவருக்கு தாங்காது" என்றாள்.

இளைய நண்பர்களே, ஒரு படத்தைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதைவிட அதில் என்ன இருக்கிறது என்று சரியாகச் சொல்வது கடினம். அன்று அந்தக் காரில் அதைச் செய்தபோதுதான் எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. குகட்பள்ளியிலேயே ஒரு மாலில் போட்டிருந்தார்கள். வேறு இடத்தில் பார்க்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. நினைத்தால் எழுந்து போகும்படி ஓரத்து இருக்கைகளாக எடுத்தேன். பின்வரிசை முழுக்கக் கல்லூரிப் பையன்கள். ஈரத் தலையோடு சிறுமி முதல் முறை வந்து நின்றபோது விசில் அடித்தார்கள். இரண்டாவது முறை ஒருவன் அவளைப் போலவே குரல் கொடுத்தான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திரும்பி அதட்டப் போனேன். பிரபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நக்கோ அக்கா, வேணாம். விடுங்க. பயந்தா அப்படித்தான் சிரிப்பாங்க."

நான்காவது கதை தொடங்கியதும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் சத்தம் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுபோனது. செருப்பு வந்த இடத்தில் அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். பெயர்கள் ஓடி முடிந்து, பாப்கார்ன் பொறுக்க ஆட்கள் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில், மூசாப்பேட்டை தாண்டியதும், அவளாகவே சொன்னாள்.

"அந்தம்மா கதவைத் தட்டினது சரியில்ல அக்கா."

"எப்படிச் சொல்ற?"

"விரல மடக்கி டொக் டொக்னு தட்டறாங்க. கொரியர்காரன் மாதிரி. நான் அப்படித் தட்டல. ரெண்டு கையாலயும் அடிச்சேன். ஒரு கதவுல என் வளையல் ஒடைஞ்சுபோச்சு." குரல் உயரவில்லை. "அவ்ளோ மெதுவா தட்டினா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? பாவம், உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியலன்னு நெனப்பாங்க. இல்ல அக்கா. அவங்களுக்குக் கேட்டுச்சு. எல்லாருக்கும் நல்லா கேட்டுச்சு."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். படத்தின் மொத்த பலமும் அந்தக் கதவுகளில்தான் இருக்கிறது என்று எழுதத் தீர்மானித்திருந்தேன். அந்தத் தட்டலின் மென்மை கதவுக்குப் பின்னால் இருந்தவர்களைக் காப்பாற்றிவிடுகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"வேற ஏதாவது?"

"அந்தச் சின்னப் பொண்ணு நல்லா பண்ணியிருக்கா. கண்ணுல பேய் மாதிரி வெள்ளை லென்ஸ் எல்லாம் வேணாம். ஈரத் தலையோட குழந்தை வாசல்ல நின்னா பயமா வரும்? டவல் எடுக்கத்தான் தோணும்." கொஞ்சம் கழித்து, "வாட்ச்மேன் பின்னாடி போறான் இல்ல, அது எனக்குப் பிடிச்சது" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். உடனே அன்று அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தவர்கள் நினைவு வந்து, கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மாலைக்குள் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். பகுதி ஆசிரியர் வேறொரு வடிவமைப்பாளரைத் தயாராக வைத்திருந்தார். பிரபா அவனை எழச் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சிறுமியின் முகம் இருந்த படங்களை ஒதுக்கிவிட்டு, மூடிய கதவின் முன் ஒரு பெண் முதுகு காட்டி நிற்கும் படத்தைப் பெரிதாக வைத்தாள்.

"நீ சொன்னத எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. என்னப் பத்தி எதுவும் வேணாம்."

அப்படியே எழுதினேன். கதைகள் பின்னப்பட்ட விதத்தைப் பாராட்டினேன். இரண்டாவது கதையை இரண்டு வரியில் முடித்தேன். தாயின் தட்டலில் படம் கோழைத்தனம் காட்டுகிறது, கதவுக்குள் இருப்பவர்களுக்குச் சாக்குச் சொல்ல இடம் கொடுத்துவிடுகிறது என்று ஒரு பத்தி. கடைசியில் மூன்றரை ஸ்டார் போட்டு அனுப்பினேன். சற்று நேரத்தில் பிரபா என் மேஜைக்கு வந்தாள்.

"மூணு போதும் அக்கா."

ஒரு விமர்சகர் அடுத்தவர் சொல்லி ஸ்டாரைக் குறைக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். யார் சொன்னார்கள் என்று பார்த்து நான் குறைக்கவில்லை. அந்தப் பத்தியை எழுதிய பிறகு மூன்றரை என்பது நானே எழுதியதை நானே நம்பாதது போல இருந்தது. மாற்றினேன். அவள் பக்கத்தை அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் இயக்குநர் அழைத்தார். அரை ஸ்டாருக்குச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அதற்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"மேடம், கதவு தட்டறதைப் பத்தி எழுதியிருக்கீங்க. அதை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"எழுதினது நான்தான்."

"இல்ல மேடம். அது அங்க இருந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் தொடர்ந்து பேசினார். சினிமாவுக்கு முயற்சி செய்துகொண்டிருந்த நாட்களில் நண்பர்களோடு அந்த அபார்ட்மென்டில்தான் இருந்திருக்கிறார். அன்று மாலை ஒரு குறும்படத்தை எடிட் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"காதுல ஹெட்போன். அதையும் மீறிக் கேட்டுச்சு. திறந்தேன். பாக்கலன்னு சொல்லி சாத்திட்டு மறுபடி போய் உக்காந்துட்டேன். கீழ இறங்கி ஒரு சுத்து சுத்தியிருக்கலாம். தோணல மேடம்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "ஒலி சேர்க்கும்போது முதல்ல அந்தத் தட்டலை அப்படியேதான் வச்சோம். என்னால அந்த ரூம்ல உக்கார முடியல. குறைக்கச் சொன்னது நான்தான். அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா? ஒரு தடவ பாக்கணும்."

தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பிரபாவிடம் இதைச் சொல்வதா என்று அந்த ஞாயிறு முழுக்க யோசித்தேன். மறைத்தால் அவளைப் பற்றிய ஒன்று அவளுக்குத் தெரியாமல் என்னிடம் இருக்கும். திங்கட்கிழமை போனதும் சொல்லிவிட்டேன்.

"கதவைத் திறந்தாரா?" என்று கேட்டாள்.

"திறந்தாராம். பாக்கலன்னு சொல்லிட்டு சாத்திட்டாராம்."

"அப்ப நான் அவர் மூஞ்சியப் பாத்திருக்கணும். ஞாபகமே இல்ல. யார் மூஞ்சியும் ஞாபகம் இல்ல அக்கா."

கணினியில் ஏதோ விளம்பரத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரும் இருப்பார், அவர்கிட்ட நான் பேசிக்கறேன். பெல் வேலை செய்யல, தட்டச் சொல்லுங்க."

அவர் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரிடமும் நான் கேட்கவில்லை. பிரபா அடுத்த வாரமும் வழக்கம்போலப் பக்கம் போட்டாள், என் இரண்டு வரிகளை வெட்டச் சொன்னாள். அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மட்டும் மித்ராவின் பள்ளிக்கூடப் புகைப்படம் ஒன்று வந்திருந்தது.

சில மாதங்கள் கழித்து, நான் ஓய்வுபெற்ற பிறகு, படம் ஓடிடியில் வந்தது. ஒரு பிற்பகலில் நான்காவது கதையை மட்டும் போட்டேன். சிறுமியின் கண்ணில் வெள்ளை அப்படியே இருந்தது. அதையெல்லாம் மாற்ற அவர்களிடம் வசதி இருந்திருக்காது. தட்டும் இடம் வந்தது. இயக்குநர் சத்தத்தைப் புதிதாகச் சேர்த்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் அடிக்கும் சத்தம், நிற்காமல், ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு. ரிமோட் கையில் இருந்தும் எனக்குக் குறைக்கத் தோன்றவில்லை.

என் வீட்டு பெல் அடித்தது. திறந்தால் எதிர் ஃபிளாட் பெண்மணி, தோசைக் கரண்டியும் கையுமாக, செருப்புக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? யாரோ அப்படிக் கதவை அடிக்கறாங்களே" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே, என் பதிலுக்குக் காத்திராமல், படிக்கட்டை எட்டிப் பார்க்கப் போனார்.